கிளிப் போட்ட பல்லோடு காசி யாத்திரை

பெயரும் ஊரும் வேண்டாம் என்ற வேண்டுகோளோடு தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

ஒன்பதாம் வகுப்பு முடித்த மகளுக்குக் கடந்த டிசம்பரில் பல்லுக்கு கிளிப் போட்டிருக்கிறார்கள். மேல்வரிசை முன்தள்ளி இருந்ததால், கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லை இரண்டு பக்கமும் எடுத்திருக்கிறார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை போய் 'டைட்' செய்துகொண்டு வருகிறார்கள். இதற்கிடையில் மாமனார் இறந்து ஓராண்டு முடிகிறது. மாமியாரை அழைத்துக்கொண்டு குடும்பமாக ஒன்பது பேர் மே 6ஆம் தேதி ராமேஸ்வரத்தில் தொடங்குகிறார்கள். அங்கிருந்து பிரயாகை, காசி, கயா, அயோத்தி எல்லாம் ரயிலிலும் வேனிலும். 23ஆம் தேதி வாரணாசியிலிருந்து சென்னைக்கு விமானம். அடுத்து டைட் செய்ய வேண்டிய நாளோ மே 11.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "கிளிப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், வந்து மாட்டிக்கொள்ளலாம், இல்லையென்றால் பெண்ணை என்னிடம் விட்டுப் போங்கள்" என்கிறார் நாத்தனார். "காசியில் பல் டாக்டரா இல்லை? அங்கேயே டைட் செய்துகொள்வோம்" என்கிறார் கணவர். குறடும் பசையும் எடுத்துக்கொண்டால் போதும் என்பது கொழுந்தனாரின் யோசனை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு நன்றாக இறுக்கிக்கொண்டால் கூடுதலாகத் தாங்கும் என்று கடிதம் எழுதிய தாய் நினைக்கிறார். கோயில் வாசலிலும் விமான நிலையத்திலும் மெஷின் கத்தி, பேத்தியை நிறுத்திவிடுவார்களோ என்று பாட்டிக்குக் கவலை. கடைசியில் இரண்டே வரி: "இதையெல்லாம் கேட்டுவிட்டு 'நான் வரல' என்கிறாள். கிளிப் போட்டதிலிருந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் இல்லை, டாக்டர்."

அன்புள்ள சகோதரிக்கு,

பெண்ணை அழைத்துக்கொண்டு போங்கள். கிளிப்பைக் கழற்ற வேண்டாம். நீங்கள் முதலில் கேட்க நினைப்பது இந்த இரண்டும்தான் என்பதால் சொல்லிவிட்டேன். தாத்தாவுக்கான யாத்திரையில் பேத்தி இல்லாமல் போகும் அளவுக்குப் பல் கிளிப் ஒரு தடை அல்ல. 17, 18 நாள் பயணத்தை அவள் தாராளமாகத் தாங்குவாள். ஆனால் நீங்கள் பயப்படும் இடம் ஒன்று, நான் பயப்படும் இடம் வேறொன்று. கம்பி அறுந்துவிடுமோ, பிராக்கெட் (கம்பியைத் தாங்கிப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) விழுந்துவிடுமோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். அவற்றைச் சமாளிக்கலாம். இரண்டரை வாரம் ஒழுங்காகத் துலக்காத வாயும், யாரோடும் உட்காராமல் அரை வயிறாகச் சாப்பிடும் குழந்தையும்தான் என் கவலை. அந்தக் கடைசி இரண்டு வரிக்குப் பிறகு வருகிறேன்.

கழற்றி மாட்டலாமா?

நாத்தனார் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் இது கழற்றி வைக்கும் நகை அல்ல. ஒவ்வொரு பிராக்கெட்டும் நீல ஒளி பாய்ச்சி இறுகவைத்த பசையால் பல்லின் எனாமலோடு ஒட்டியிருக்கிறது. எடுக்க வேண்டுமானால் அந்த ஒட்டை உடைத்து, மிச்சப் பசையைத் தேய்த்து எடுக்க வேண்டும். சிகிச்சை முடியும்போது ஒருமுறை செய்ய வேண்டிய வேலை அது. நடுவில் செய்தால் எனாமலுக்கும் கேடு, பணத்துக்கும் கேடு.

அதைவிட முக்கியமான காரணம் எலும்பில் இருக்கிறது. கம்பி தள்ளும்போது பல்லின் ஒரு பக்கத்து எலும்பு கரைந்து வழிவிடுகிறது, மறுபக்கம் புது எலும்பு வளர்கிறது. உங்கள் மகளுக்கு அந்தப் புது எலும்பு இன்னும் உறுதிப்படவில்லை. நட்ட நாற்று வேர் பிடிக்குமுன் கட்டை அவிழ்த்துவிட்டால் சாய்ந்துவிடும் என்பது டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிளிப் இல்லாத இரண்டரை வாரத்தில் பல் வந்த வழியே திரும்பத் தொடங்கும்.

'டைட்' என்ற சொல்லால் வரும் குழப்பம்

கட்டிலுக்கு நாடா இறுக்குவதுபோல், எவ்வளவு இழுத்துக் கட்டுகிறோமோ அவ்வளவு நாள் தாங்கும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. 'டைட்' என்று நாங்களே சொல்லிப் பழக்கிவிட்டோம். உண்மையில், ஆரம்ப மாதங்களில் பெரும்பாலும் நிக்கல்-டைட்டானியம் கலந்த கம்பியைத்தான் போடுவோம். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் உருவாகி, 1970களில் பல் மருத்துவத்துக்கு வந்த உலோகம் அது. எப்படி வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். கோணலான பற்களில் வளைத்து மாட்டிவிட்டால், தான் நேராகும்போது பல்லையும் மெல்ல இழுத்துக்கொண்டு நேராகும். வாரக்கணக்கில் ஒரே சீராக, மென்மையாக இழுக்கும். நாள் தள்ளிப்போனால் கூடுதலாக இறுகிப் பல்லைப் பிடுங்கிவிடாது.

தேதிகளைப் பாருங்கள். கடைசியாக ஏப்ரல் 13 அளவில் போயிருப்பீர்கள். மே 11க்குப் பதிலாக 25ஆம் தேதி போனால் மொத்த இடைவெளி ஆறு வாரம். நான்கு முதல் எட்டு வாரம் வரை இடைவெளி விடுவது எங்கள் துறையில் வழக்கம்தான். அந்த இரண்டு வாரத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. பல் எடுத்த இடத்து இடைவெளியை மூட சங்கிலி ரப்பர் போட்டிருந்தால், அது சீக்கிரமே இழுவிசை இழந்து தளர்ந்துவிடும். வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மேலண்ணத்தில் சாவி போட்டுத் திருப்பும் கருவி போன்ற ஏதாவது வைத்திருந்தால் மட்டும், பயண நாட்களில் திருப்புவதா நிறுத்துவதா என்று உங்கள் மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புறப்பட இரண்டு நாள் முன்பு இறுக்கிக்கொள்ளும் யோசனையை மட்டும் கைவிடுங்கள். கம்பி மாற்றிய சில மணி நேரத்தில் வலி தொடங்கும். முதல் இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருக்கும். ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். நீங்கள் சொல்லும் கணக்குப்படி அவளுக்கு வலி உச்சத்தில் இருக்கும் நாளில் ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமாடிக்கொண்டிருப்பீர்கள், அடுத்து ரயிலில் இரண்டு இரவு. புதிதாக வாயில் எங்காவது கம்பி உரசினாலும் அது தெரிவது அந்த முதல் வாரத்தில்தான். அந்த வாரம் அவள் வீட்டில் இருக்கட்டும்.

ஏப்ரல் 26 வாக்கில், அதாவது புறப்பாட்டுக்குப் பத்து நாள் முன்பு, மருத்துவரிடம் ஒரு நேரம் கேளுங்கள். டைட் செய்வதற்காக அல்ல, சோதிப்பதற்காக. பிராக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்து, தளர்ந்திருப்பதை ஒட்டிவிடுவார். கடைவாயின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனையை வெட்டி உள்ளே மடக்கிவிடுவார். பயணத்தில் நடக்கும் தொல்லைகளில் பாதி அந்த முனையில்தான் ஆரம்பிக்கும். அன்றே அவரிடம் ஒரு சீட்டும் எழுதி வாங்குங்கள்: எந்த வகை பிராக்கெட், என்ன அளவுக் கம்பி, எந்தப் பல் எடுத்தது, அவருடைய தொலைபேசி எண். கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைப் பதிவின் நகலைக் கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டியதில்லை. விழுந்த பிராக்கெட்டை மறுபடி ஒட்டக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இடத்துக்கு இடம் இது மாறும். திரும்பி வந்தபின் மனக்கசப்பு வேண்டாம்.

சாப்பாடு

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு தகவல் இருந்தது: மாமியார் பல்செட் போட்டிருக்கிறார். அப்படியானால் பாதி வேலை முடிந்தது. பாட்டியால் எதைச் சிரமமில்லாமல் மெல்ல முடியுமோ அதுவே பேத்திக்கும் ஏற்றது. ஒன்பது பேருக்குக் கட்டும் சாப்பாட்டில் இரண்டு பேருக்குத் தனியாகக் கொஞ்சம் மென்மையாகக் கட்டுங்கள், போதும்.

ரயிலுக்கு நம் வீடுகளில் என்ன கட்டுவோம்? மிளகாய்ப்பொடி தடவிய இட்லி நல்லது. எண்ணெய் இருப்பதால் மறுநாளும் மெதுவாகவே இருக்கும். தயிர்சாதம் நல்லது, ஊறுகாயில் கொட்டையோ கெட்டியான மாங்காய்த் துண்டோ இல்லாமல் பாருங்கள். புளியோதரையில் உள்ள வேர்க்கடலையும் வறுத்த கடலைப்பருப்பும்தான் ஆபத்து. அவளுக்கானதை அவை இல்லாமல் கிளறிவிடுங்கள். சப்பாத்தி என்றால் சின்னதாகப் பிய்த்து, கடைவாயில் மெல்ல வேண்டும். முறுக்கு, தட்டை, சீடை, கடலை மிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை நிச்சயமாக வேண்டாம். ஒரு தட்டைக் கடியில் கடைவாய் பிராக்கெட் கழன்று வந்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கோடையில் போகிறீர்கள், மாம்பழம் கிடைக்கும். நறுக்கிக் கொடுங்கள், கொட்டையைச் சப்ப வேண்டாம்; நார் முழுவதும் கம்பியில் சுற்றிக்கொள்ளும். பிரயாகைப் பக்கம் கொய்யாவுக்குப் பேர்போனது. எந்தப் பருவத்தில் கிடைத்தாலும் கிளிப் போட்டவர்கள் கடித்துத் தின்னக் கூடாது. விதை ஒவ்வொன்றும் பிராக்கெட்டுக்கு அடியில் போய் உட்காரும். கரும்பைக் கடிக்கக் கூடாது, சாறு குடிக்கலாம். பனிக்கட்டியைக் கடிக்கக் கூடாது.

காசியில் லஸ்ஸி நல்ல துணை. குளிர்ச்சியாக எதையாவது குடித்தால் வலியும் குறையும். சில வகை நிக்கல்-டைட்டானியக் கம்பிகள் குளிரில் சற்றுத் தளர்ந்து, வாய்ச்சூட்டில் மறுபடி விறைப்பவை. பெரியவர்கள் வாங்கும் பீடாவில் அவளுக்குப் பங்கு வேண்டாம். உள்ளே இருக்கும் பாக்கு பிராக்கெட்டுக்கு ஆகாது, வாய்க்கும் எந்த வயதிலும் ஆகாது. கோயில்களில் கொடுக்கும் கல்கண்டை மறுக்க அவளுக்கு மனம் வராது. வாங்கிக்கொள்ளட்டும், கடிக்காமல், தண்ணீரில் கரைத்துக் குடித்துவிடட்டும்.

கயாவில் பிண்டம் போட்டு முடித்தபின் ஒரு காய், ஒரு கனி, ஒரு இலை என்று விட்டுவிடும் வழக்கத்தை உங்கள் மாமியார் அறிவார். ஒன்றை விடுவது என்றால் என்ன என்று அவரைவிட நன்றாக அந்தப் பெண்ணுக்கு யாராலும் சொல்ல முடியாது. கிளிப் இருக்கும்வரை முறுக்கையும் தட்டையையும் விட்டிருப்பதைப் பற்றிப் பாட்டி பேசினால், அது அவளுக்கு உங்கள் கண்டிப்பாகத் தெரியாது.

உண்மையான ஆபத்து: துலக்காத பல்

கிளிப் போட்ட பல்லில் சாப்பாடு தங்க நூறு இடம் இருக்கிறது. தங்கும் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அது எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து, பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் தழும்பாக விட்டுவிடும். சரியாகத் துலக்காத வாயில் ஒரே மாதத்தில் அந்த வெள்ளை தெரிய ஆரம்பிக்கலாம். கிளிப்பைக் கழற்றும் நாளில் பல் நேராக இருக்கும், ஆனால் ஒவ்வொரு பல்லின் நடுவிலும் சதுரமாக ஒரு தடம் இருக்கும். அந்தத் தடத்தை முழுமையாகப் போக்குவது கடினம். ஒட்டு விட்டுப்போன பிராக்கெட்டைப் பத்து நிமிடத்தில் ஒட்டிவிடுவேன். இதை என்னால் திருப்ப முடியாது. அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். ஒருமுறை இனிப்பு வாயில் பட்டால், ஏறத்தாழ அரை மணி நேரம் அமிலம் வேலை செய்யும். காலையில் சூடான ஜிலேபியை வயிறாரச் சாப்பிட்டு உடனே வாய் கொப்பளித்தால் பெரிய கேடில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சர்க்கரை டீ, இடையிடையே மிட்டாய், கையில் குளிர்பான பாட்டில் என்று நாள் முழுக்கப் போனால்தான் பல் கரையும். தாகத்துக்குத் தண்ணீர் மட்டும் கொடுங்கள். மே மாதத்தில் காசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நாக்கு வறண்டால் எச்சில் குறையும், எச்சில் குறைந்தால் பல்லுக்குப் பாதுகாப்பும் குறையும்.

ரயிலில் எப்படித் துலக்குவது? விளக்கணைக்கும் நேரம் வரை காத்திருக்க வேண்டாம். இரவு உணவு முடிந்ததும், கூட்டம் வருமுன், பெட்டி ஓரத்து வாஷ்பேசினுக்குப் போய்விடுங்கள். குழாய்த் தண்ணீர் கை கழுவ மட்டும். வாய் கொப்பளிக்க பாட்டில் தண்ணீர். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட். பிராக்கெட்டின் மேல்பக்கம் ஈறோரமாக ஒரு முறை, கீழ்ப்பக்கம் ஒரு முறை. கம்பிக்கு அடியில் நுழையும் குட்டி பிரஷ்ஷால் ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டு தள்ளு. கடைசியில் கைபேசி வெளிச்சத்தில் கண்ணாடி பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும். பகலில் சாப்பிட்டதும் துலக்க வசதியில்லை என்றால், இரண்டு மூன்று வாய் தண்ணீரால் வேகமாகக் கொப்பளித்தாலும் பெருமளவு வெளியே வந்துவிடும். இரவுத் துலக்கல் மட்டும் ஒருநாளும் தவறக் கூடாது.

கங்கையைப் பற்றி ஒரு சொல். அவள் முழுகட்டும், தலையில் தெளித்துக்கொள்ளட்டும். ஆற்றுத் தண்ணீரால் வாய் கொப்பளிக்க மட்டும் வேண்டாம். கிளிப் உரசி உள்கன்னத்தில் சின்னச் சின்னப் புண்கள் இருக்கும். நம்பிக்கையில் குறைவில்லாமலே இதைப் பாட்டியிடம் சொல்லலாம்.

பையில் வைக்க

ஒரு சின்ன ஜிப் பையில் இவை இருந்தால் போதும். அந்தப் பை பெரிய பெட்டிக்குள் போகாமல் அவள் தோள்பையிலேயே இருக்க வேண்டும்.

– மூடியுள்ள பிரஷ் ஒன்று, மாற்றுக்கு இன்னொன்று, கம்பிக்கு அடியில் நுழையும் குட்டி பிரஷ் நான்கைந்து, பேஸ்ட், கைக்கண்ணாடி.
– கிளிப்புக்கான மெழுகு இரண்டு டப்பா. வெயிலில் இளகிவிடும், ஜன்னலோரம் வைக்காதீர்கள்.
– மேலும் கீழும் மாட்டும் ரப்பர் கொடுத்திருந்தால், 18 நாளுக்கு வேண்டியதைப்போல் இரு மடங்கு. பாதி அவளிடம், பாதி உங்களிடம்.
– பஞ்சு, சின்ன நகவெட்டி, கழன்ற துண்டைப் போட்டு வைக்க ஒரு காலி மாத்திரை டப்பி.
– உப்பு ஒரு பொட்டலம், 500 மி.கி. பாராசிட்டமால் ஒரு அட்டை.
– மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு.

பாராசிட்டமால் அவளுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால், எடை 40 கிலோவுக்கு மேல் இருந்தால், வலிக்கு ஒன்று கொடுக்கலாம். அடுத்ததற்கு ஆறு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், ஒரு நாளில் நான்கைத் தாண்டக் கூடாது. காய்ச்சலுக்கென்று வேறு மாத்திரை கொடுத்தால் அதிலும் இதே மருந்து இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள்.

குத்தினால், கழன்றால்

கம்பி கன்னத்தில் குத்தினால், கையைக் கழுவி, பட்டாணி அளவு மெழுகை உருட்டி, அந்த இடத்து ஈரத்தைப் பஞ்சால் ஒற்றிவிட்டு அழுத்திவிட வேண்டும். ஈரத்தில் மெழுகு ஒட்டாது. பலர் தவறுவது அங்கேதான். மெல்லிய கம்பி என்றால் பென்சில் ரப்பரின் முனையால் மெதுவாக உள்பக்கம் மடக்கிப் பார்க்கலாம். புண்ணுக்கு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு நாளுக்கு மூன்று நான்கு முறை கொப்பளிக்கட்டும். மெழுகும் நிற்கவில்லை, மருத்துவரும் கைக்கெட்டவில்லை என்ற நிலையில் மட்டும் சுத்தம் செய்த நகவெட்டியால் அந்த முனையை வெட்டலாம். வெட்டும் துண்டைச் சுற்றிப் பஞ்சை வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், தொண்டைக்குள் போய்விடக் கூடாது. கம்பி தடிமனாக இருந்து வெட்டுப்படவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பிராக்கெட் ஒட்டு விட்டாலும் பெரும்பாலும் கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அப்படியே விடலாம், உரசினால் மெழுகு வையுங்கள். படம் எடுத்து உங்கள் மருத்துவருக்கு அனுப்புங்கள். ஒரு பிராக்கெட் இல்லாமல் இரண்டு வாரம் போனால் அந்த ஒரு பல் சற்றுப் பின்தங்கும், பிறகு சேர்ந்துகொள்ளும். தனியாகக் கழன்று வந்துவிட்டால் டப்பியில் பத்திரப்படுத்துங்கள்.

கொழுந்தனாரின் குறடும் பசையும் வேண்டவே வேண்டாம். குறடு ஒரு கம்பியைப் பிடித்து இழுத்தால் பக்கத்துப் பிராக்கெட்டுகளும் சேர்ந்து வரும். கைப்பையில் இருந்தால் விமான நிலையத்திலும் எடுத்துவிடுவார்கள். உடனே ஒட்டும் பசை ஈறைப் புண்ணாக்கும், பிராக்கெட்டும் தப்பான இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கொடைக்கானல் போன இடத்தில் அப்படி ஒட்டிக்கொண்டு வந்த ஒரு கல்லூரி மாணவருக்கு அந்தப் பசையைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அவர் ஈறில் ஒரு வாரம் புண் ஆறவில்லை.

காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. துண்டு எதையாவது விழுங்கிவிட்டு இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விழுங்க முடியாமை இருந்தால், உடனே பெரிய மருத்துவமனை. எதுவுமில்லாமல் இயல்பாக இருந்தால் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். உங்கள் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, காசிப் படித்துறையில் வழுக்கி வாயில் அடிபட்டுப் பல் ஆடினாலோ அன்றே காட்ட வேண்டும். 84 படித்துறைகளிலும் பாசி பிடித்த படிகள் உண்டு. அவள் கையைப் பிடித்தே இறக்குங்கள்.

அங்கே ஒரு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால்

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. காசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்திலேயே பல் மருத்துவத் துறை இருக்கிறது. அயோத்தியிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய லக்னோவில் கிங் ஜார்ஜ் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. அவசரத்துக்கு எந்தப் பல் மருத்துவரும் குத்தும் கம்பியை வெட்டிவிடுவார், ஆபத்தான துண்டை எடுத்துவிடுவார். அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். டைட் செய்வது வேறு. எந்தப் பல்லை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்துவது என்ற திட்டம் உங்கள் மருத்துவர் மனதில் இருக்கிறது. ஒருமுறை பார்ப்பவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அந்தத் திட்டம் அவருக்குத் தெரியாது. எது செய்யுமுன்னும் சீட்டைக் காட்டி, உங்கள் மருத்துவரோடு தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேச வையுங்கள். செய்ததை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமியாரின் கவலைக்கு: கிளிப்பில் உள்ள உலோகம் மிகக் குறைவு. அதற்காக மெட்டல் டிடெக்டர் பொதுவாகக் கத்துவதில்லை. கத்தினாலும் வாயைத் திறந்து காட்டினால் போதும்; தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள். விஸ்வநாதர் கோயிலுக்குள் போகும்போது கைபேசியையும் பையையும் வெளியே லாக்கரில் வைக்க வேண்டியிருக்கும். கிளிப் பையையும் அவற்றோடு வைத்துவிட்டால், திரும்பும்போது நினைவாக வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகளுக்கு

இப்போது அந்த இரண்டு வரி. கிளிப் போட்ட பிள்ளைகள் தனியாகச் சாப்பிடுவதை நான் நிறையப் பார்க்கிறேன், பெற்றோர் பெரும்பாலும் அதைப் பிடிவாதம் என்கிறார்கள். கம்பியில் கீரை சிக்கியிருப்பதை யாராவது ஒருமுறை சுட்டிக்காட்டியிருப்பார்கள். எல்லோரும் எழுந்தபிறகும் அவள் தட்டில் பாதி மீதமிருந்திருக்கும். வலியைச் சொன்னால் "இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோம்" என்ற பதில் வந்திருக்கலாம். உங்கள் வீட்டில் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேளுங்கள், பதில் சொல்லும்வரை இடையில் பேசாமல் கேளுங்கள். எடை குறைந்திருக்கிறதா என்று ஏப்ரல் மாதத்திலேயே பாருங்கள். கணிசமாகக் குறைந்திருந்தால் பல் மருத்துவரிடமும் குடும்ப மருத்துவரிடமும் சொல்லுங்கள். அவள் வாயைப் பற்றி ஐந்து பேர் கூடி முடிவெடுத்ததும் "நான் வரல" என்பதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இனி அந்தப் பையும் சீட்டும் ரப்பர் கணக்கும் அவள் பொறுப்பில் இருக்கட்டும். ஏப்ரல் 26 அன்று மருத்துவரிடம் கேள்விகளை அவளே கேட்கட்டும்.

கீழே உள்ளதை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கண்ணு, உன் கிளிப்பால் இந்தப் பயணத்தில் யாருக்கும் தொந்தரவு இல்லை. மெதுவாகச் சாப்பிடுவது குற்றமில்லை, வாய் கொப்பளிக்க நடுவில் எழுந்து போவதும் குற்றமில்லை. வலித்தால் அன்றே சொல், அடுத்த ஊர் வரை பொறுத்துக்கொண்டிருக்காதே. ரயிலில் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார். உங்கள் இருவருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே வேகம். இரவில் பாட்டியும் பல்செட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஓடும் ரயிலில் தனியாக வாஷ்பேசின் வரை போவது அவருக்குச் சிரமம். நீ பிரஷ்ஷை எடுக்கும்போது அவரையும் கைபிடித்து அழைத்துக்கொண்டு போ.

மே 25 அன்று மருத்துவரிடம் போகும்போது, கழன்ற துண்டுகள் இருந்தால் டப்பியோடு கொண்டுபோ.